குழு வாக்கெடுப்பில் கள்ள ஓட்டு: எங்கே நுழைகிறது, எப்படி அடைப்பது

ஓர் இணையக் குழு தனக்குள் ஓட்டெடுத்து ஒரு முடிவுக்கு வர நினைக்கிறது. குழுவின் புதுச் சின்னம் எது, அடுத்த ஆண்டுக்கு நிர்வாகி யார், போட்டிக்கு வந்த படங்களில் எதற்கு முதல் பரிசு என்று ஏதோ ஒன்று. தேர்தல் அதிகாரி கிடையாது, சட்டம் கிடையாது, முறையிட நீதிமன்றமும் கிடையாது. ஒரு லிங்க்கைப் போட்டு, ஞாயிறு இரவு வரை நேரம் கொடுத்து, வந்ததை எண்ணி அறிவிப்பதுதான் வழக்கம். பெரும்பாலும் வம்பு ஒன்றும் வருவதில்லை. வரும்போது முடிவு வெளியான பிறகே வரும். "இத்தனை ஓட்டு எங்கிருந்து வந்தது?" என்று ஒருவர் கேட்பார். பதில் சொல்ல நிர்வாகியிடம் எந்தப் பதிவும் இருக்காது.

முதன்முறை வாக்கெடுப்பு நடத்துகிறவர் கேட்கும் கேள்வி, "ஒருவரே இரண்டு தடவை போடாமல் எப்படித் தடுப்பது?" என்பது. அதற்குத் தொழில்நுட்பத்தில் அரைகுறை விடைகள் பல உண்டு. ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு: யாருக்கெல்லாம் ஓட்டு உண்டு? அந்தப் பட்டியல் இல்லாத வாக்கெடுப்பில் எது கள்ள ஓட்டு என்று சொல்லவே வழியில்லை. பட்டியல் இருந்தால், கீழே வரும் பாதிப் பிரச்சினைகள் தலையெடுக்காது.

எவ்வளவு காவல் வேண்டும்

எல்லா வாக்கெடுப்புக்கும் ஒரே அளவு பாதுகாப்பு தேவையில்லை. சந்திப்பைச் சனிக்கிழமை வைப்பதா ஞாயிறு வைப்பதா என்பதற்கு யாரும் போலிக் கணக்கு தொடங்க மாட்டார்கள். அதற்குக் கடவுக்குறியீடு, சரிபார்ப்பு என்று போனால் உண்மையான உறுப்பினர்களே சலித்துப்போய் ஓட்டுப் போடாமல் விட்டுவிடுவார்கள். ஜெயிப்பவருக்கு என்ன கிடைக்கும், தோற்பவருக்கு என்ன போகும் என்று பாருங்கள். பணம், பதவி, பரிசு, ஒருவரைக் குழுவிலிருந்து நீக்குவது ஆகிய நான்கில் ஒன்று இருந்தால் யாராவது முயல்வார்கள் என்று எடுத்துக்கொண்டே திட்டமிடுங்கள். பரிசு சிறியது என்பது ஆறுதல் இல்லை. வெறும் கௌரவத்துக்காக ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஓட்டுப் போடுகிறவர்கள் உண்டு.

முடிவு குழுவைக் கட்டுப்படுத்துமா, அல்லது வெறும் கருத்துக் கேட்பா என்பதையும் முதல் அறிவிப்பிலேயே எழுதிவிடுங்கள். 2016-இல் பிரிட்டனின் இயற்கைச் சூழல் ஆராய்ச்சிக் கழகம் தன் புதிய துருவ ஆய்வுக் கப்பலுக்குப் பெயர் வைக்க இணையத்தில் ஓட்டெடுத்தது. கேலியாக முன்மொழியப்பட்ட 'போட்டி மெக்போட்ஃபேஸ்' 1,24,109 ஓட்டுகளோடு முதலிடம் பிடித்தது. கப்பலுக்கோ 'சர் டேவிட் அட்டன்பரோ' என்று பெயர் வைத்தார்கள். கேலிப் பெயர் அதிலிருந்த சிறிய நீர்மூழ்கிக் கருவிக்குப் போனது. அங்கே நடந்தது மோசடி அல்ல. கேட்டவர்கள் ஒன்றை நினைத்தார்கள், போட்டவர்கள் வேறொன்றை நினைத்தார்கள், அவ்வளவுதான். இருந்தாலும் ஓட்டுப் போட்டவர்களில் பலருக்கு ஏமாற்றப்பட்ட உணர்வுதான் மிஞ்சியது.

கள்ள ஓட்டு வரும் வழிகள்

ஐந்து வழிகள். ஒன்று, ஒரே ஆள் ஒரே கருவியிலிருந்து திரும்பத் திரும்பப் போடுவது. சின்னதாக ஒரு நிரல் எழுதி ஆயிரக்கணக்கில் போடுவதும் இதே வகைதான். இரண்டு, ஒரே ஆள் பல கணக்குகளைத் தொடங்கி, பல ஆட்கள்போல வருவது. மூன்று, குழுவுக்குச் சம்பந்தமே இல்லாத கூட்டத்தை வெளியிலிருந்து கூட்டிவருவது. இங்கே ஒவ்வொரு ஓட்டும் ஓர் உண்மையான மனிதருடையது. அதனாலேயே எந்தக் கருவியும் இதைப் பிடிக்காது. நான்கு, உண்மையான உறுப்பினரின் ஓட்டைக் காசுக்கோ பிரதிபலனுக்கோ வாங்குவது. ஐந்து, எண்ணுகிறவரே கைவைப்பது.

முதல் வகையைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். சிறிய குழுக்களில் பெரிய சேதம் செய்வது மூன்றாவது. வேட்பாளர் ஒருவர் தன் உறவினர், நண்பர், அலுவலகம் என்று எல்லா இடத்திலும் லிங்க்கைப் பகிர்ந்து "ஒரு ஓட்டுப் போட்டு உதவுங்கள்" என்று கேட்கிறார். அவர் விதி எதையும் மீறவில்லை, ஏனென்றால் விதி என்று எதுவும் எழுதப்படவில்லை.

தொழில்நுட்பத் தடைகள் எங்கே இடைவெளி விடுகின்றன

இலவச வாக்கெடுப்புத் தளங்கள் பலவும் குக்கீயை வைத்துத்தான் "நீங்கள் ஏற்கெனவே வாக்களித்துவிட்டீர்கள்" என்று சொல்கின்றன. உங்கள் பிரவுசருக்குள் ஒரு சிறு குறிப்பை எழுதிவைத்து, அடுத்த முறை அதைத் தேடிப்பார்க்கின்றன. பிரைவேட் விண்டோவைத் திறந்தால் அந்தக் குறிப்பு இருக்காது. மறுபடி போடலாம், மூடிவிட்டுத் திறந்து மறுபடியும் போடலாம். தவறுதலாக இரண்டு முறை அழுத்துகிறவரை மட்டும்தான் இது தடுக்கும்.

அடுத்தது ஐபி முகவரித் தடை. ஒரு முகவரிக்கு ஓர் ஓட்டு என்று கேட்கும்போது நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் முகவரி என்பது ஆளைக் குறிப்பதல்ல, இணைப்பைக் குறிப்பது. ஒரு வீட்டில் நான்கு பேர், ஒரு விடுதியில் முந்நூறு பேர், ஓர் அலுவலகம் முழுக்க, வெளியுலகுக்கு ஒரே முகவரியாகத் தெரியலாம். மொபைல் நிறுவனங்கள் ஒரே பொது முகவரியை ஏராளமான வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. ஆக, நேர்மையானவர்கள் வெளியே தள்ளப்படுவார்கள். ஏமாற்றுகிறவருக்கோ விமானப் பயன்முறையைப் போட்டு எடுத்தால் பல சமயம் புது முகவரி கிடைத்துவிடும். இணைப்பை வேறு இடத்திலிருந்து வருவதுபோல் காட்டும் விபிஎன் இருந்தால் இன்னும் சுலபம். புதிய ஐபி பதிப்பு 6-இல் ஒரு வீட்டு இணைப்புக்கே வழக்கமாக 2-இன் 64-ஆம் அடுக்கு அளவுக்கு முகவரிகள் கிடைக்கின்றன. முழு முகவரியை ஒப்பிட்டுத் தடுக்கும் நிரல் அங்கே ஒன்றையும் தடுக்காது. முதல் 64 பிட்டுகளை மட்டும் ஒப்பிட வேண்டும். ஐபி விவரத்தை ஓட்டைத் தடுக்கப் பயன்படுத்தாதீர்கள். பிற்பாடு சரிபார்க்கும்போது ஒரு தடயமாக உதவட்டும்.

இந்தத் தடையின் லட்சணம் 1999-லேயே தெரிந்துவிட்டது. ஸ்லாஷ்டாட் என்ற தளம், கணினி அறிவியல் மேற்படிப்புக்குச் சிறந்த கல்வி நிறுவனம் எது என்று ஓட்டெடுத்தது. ஐபி முகவரிகளைப் பதிவுசெய்துகொண்டுதான் நடத்தியது. கார்னகி மெலன் மாணவர்கள் தானாக ஓட்டுப் போடும் நிரல் ஒன்றை எழுதினார்கள். மறுநாள் எம்ஐடி மாணவர்கள் தங்கள் பங்குக்கு ஒன்று எழுதினார்கள். கடைசியில் எம்ஐடி 21,156, கார்னகி மெலன் 21,032, மற்ற எந்த நிறுவனத்துக்கும் ஆயிரத்தைத் தாண்டவில்லை. எந்த நிறுவனம் சிறந்தது என்பதற்கு அந்த எண்கள் எந்த விடையும் தரவில்லை.

'நீங்கள் மனிதர்தானா' என்று சோதிக்கும் கேப்ட்சா, நிரல்களைத் தாமதப்படுத்தும், மனிதர்களைத் தடுக்காது. காசுக்குக் கேப்ட்சா தீர்த்துத் தரும் சேவைகளும் உண்டு. சிறிய குழுவுக்கு இதனால் பெரிய லாபம் இல்லை.

மின்னஞ்சல் சரிபார்ப்பு கொஞ்சம் மேல். முகவரிக்கு லிங்க் அனுப்பி, அதை அழுத்தினால்தான் ஓட்டு ஏறும். ஆனால் ஜிமெயிலில் பெயருக்கு நடுவே புள்ளி வைத்தாலும் வைக்காவிட்டாலும் அது ஒரே அஞ்சல்பெட்டிதான். பெயருக்குப் பின்னால் பிளஸ் குறி போட்டு எதை எழுதினாலும் அதே பெட்டிக்குத்தான் வரும். ஒரே ஆள் இப்படி நூறு 'முகவரி' காட்டலாம். எண்ணுவதற்கு முன் ஜிமெயில் முகவரிகளில் புள்ளிகளை நீக்கி, பிளஸ் குறியிலிருந்து அட் குறி வரை உள்ளதை வெட்டி, எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக்கிவிட்டு ஒப்பிடுங்கள். பத்து நிமிடத்துக்கு மட்டும் வாழும் தற்காலிக அஞ்சல் முகவரிகள் தனிக் கதை. அவற்றின் டொமைன் பெயர்கள் அடிக்கடி மாறும் என்பதால் தடைப்பட்டியல் எப்போதும் பின்தங்கியே இருக்கும்.

கூகுள் ஃபார்மில் 'ஒரு பதிலுக்கு வரம்பிடு' என்ற அமைப்பு இருக்கிறது. அதைப் போட்டால் கூகுள் கணக்கில் நுழைந்தவர் மட்டுமே, கணக்குக்கு ஒரு முறை மட்டுமே, பதில் தர முடியும். ஒருவருக்கு எத்தனை கூகுள் கணக்கு என்பதை அது கேட்காது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: மின்னஞ்சலைச் சேகரிக்கும் அமைப்பைத் தனியாகப் போடாவிட்டால், யார் யார் போட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது. வரம்பு போட்டாயிற்று என்று நிம்மதியாக இருந்துவிட்டு, சந்தேகம் வந்த நாளில்தான் இதைப் பலர் கண்டுபிடிக்கிறார்கள்.

தொலைபேசி எண்ணுக்கு ஓடிபி அனுப்புவது இவற்றில் வலுவானது, ஏனென்றால் புது எண் வாங்கச் செலவும் அலைச்சலும் உண்டு. ஆனாலும் ஒரு போனில் இரண்டு சிம் சாதாரணம். வீட்டிலுள்ள மற்றவர்களின் எண்களும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன.

இதற்கெல்லாம் பின்னால் ஓர் அடிப்படைக் காரணம் இருக்கிறது. 2002-இல் ஜான் டூசர் என்ற ஆய்வாளர் 'சிபில் தாக்குதல்' என்ற பெயரில் இதை விவரித்தார். அடையாளங்களுக்கு உத்தரவாதம் தரும் நம்பகமான நடுவர் ஒருவர் இல்லாத அமைப்பில், ஒரே ஆள் பல ஆட்களாக வேடமிடுவதை நடைமுறையில் முழுமையாகத் தடுக்க முடியாது. உங்கள் குழுவில் அந்த நடுவர் வேலையைச் செய்ய வேண்டியது உறுப்பினர் பட்டியல். அது இல்லாமல் மேலே சொன்ன தடைகளை அடுக்குவது, வேலியே இல்லாத தோட்டத்தின் வாசலுக்குப் பூட்டு மாட்டுவதுதான்.

பட்டியலை மூடுவது

ஓட்டுரிமைக்கு ஒரு நாள் வையுங்கள். அந்த நாள், வாக்கெடுப்பை அறிவிக்கும் நாளுக்கு முந்தையதாக இருக்க வேண்டும். ஒரே ஒரு விதியை மட்டும்தான் கடைப்பிடிக்க முடியும் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள். "மார்ச் 1 அன்று குழுவில் இருந்தவர்களுக்கு மட்டும் ஓட்டு" என்பதை மார்ச் 10-இல் அறிவித்தால், அறிவிப்பைப் பார்த்தபின் தொடங்கிய கணக்குகள் அத்தனையும் தானாகவே விழுந்துவிடும். வெளியிலிருந்து கூட்டிவரும் வழியும் அங்கேயே அடைபடுகிறது. இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம், ஒரு தேதி போதும்.

குழு பெரிதாக, ஒருவருக்கொருவர் முகம் தெரியாததாக இருந்தால் தேதியோடு பங்களிப்பையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆங்கில விக்கிப்பீடியாவின் நடுவர் குழுத் தேர்தலில் ஓட்டுப் போட, கணக்கு முன்கூட்டியே குறித்த தேதிக்கு முன் பதிவாகியிருக்க வேண்டும். கட்டுரைகளில் 150 திருத்தங்களும் செய்திருக்க வேண்டும். போலியாக ஒரு கணக்கு தொடங்க ஒரு நிமிடம் போதும். 150 திருத்தங்களோடு ஒன்றை வளர்க்க வாரக்கணக்கு ஆகும். உங்கள் குழுவில் இந்த எண் மூன்று பதிவுகளாகவோ, இரண்டு சந்திப்புகளில் கலந்துகொண்டதாகவோ இருக்கலாம். வாயே திறக்காமல் படிக்க மட்டும் வரும் உறுப்பினர்களை இந்த விதி வெளியே தள்ளும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். அமைதியானவர்கள் அதிகமுள்ள குழுவுக்குத் தேதி மட்டும் போதும்.

பட்டியலை ஒரு தாளில் எடுத்து, வாக்கெடுப்பு தொடங்க மூன்று நான்கு நாட்களுக்கு முன் குழுவிலேயே வெளியிடுங்கள். தொலைபேசி எண்ணோ மின்னஞ்சலோ வேண்டாம், குழுவில் தெரியும் பெயர் மட்டும். "என் பெயர் விட்டுப்போயிற்று", "இந்த இரண்டும் ஒரே ஆள்" ஆகிய இரண்டு வகைப் புகாரும் அப்போதே வந்துவிடும். ஓட்டு விழுவதற்கு முன் வரும் புகாரைச் சண்டையில்லாமல் தீர்க்கலாம். யாருக்குச் சாதகம் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

பிறகு கடவுக்குறியீடு. 240 பேர் உள்ள குழு என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவருக்கும் ஒரு குறியீடு. அதை நான்கு இலக்க எண்ணாக வைத்தால் மொத்தம் 10,000 எண்கள்தான். அதில் 240 செல்லுபடியாகும். குருட்டாம்போக்கில் அடித்தாலே சுமார் 42 முயற்சிக்கு ஒன்று பலித்துவிடும். அதற்குப் பதிலாக எட்டு எழுத்துக் குறியீடு வையுங்கள். 26 ஆங்கில எழுத்துகளும் 10 எண்களும் சேர்ந்து 36; அவற்றில் குழப்பம் தரும் பூஜ்யம், ஓ, ஒன்று, ஐ ஆகிய நான்கை எடுத்துவிட்டால் 32. எட்டு இடங்களுக்கு 32-இன் 8-ஆம் அடுக்கு, அதாவது ஏறத்தாழ 1.1 லட்சம் கோடி சேர்க்கைகள். இப்போது ஓர் ஊகம் பலிக்க வாய்ப்பு சுமார் 450 கோடியில் ஒன்று. குறியீடுகளை வரிசையாகவோ பெயரிலிருந்தோ உருவாக்காதீர்கள். ஒருவர் தன்னுடையதைப் பார்த்து அடுத்தவருடையதை யூகித்துவிடக் கூடாது. கடவுச்சொல் உருவாக்கும் செயலி எதுவானாலும் சீரற்ற குறியீடுகளைக் கொடுத்துவிடும்.

குறியீட்டைக் குழுவில் போடாமல் ஒவ்வொருவருக்கும் தனித் தகவலாக அனுப்புங்கள், குழு அவரை எந்த எண்ணில் அல்லது எந்தக் கணக்கில் அறிந்திருக்கிறதோ அங்கேயே. "நான் எண் மாற்றிவிட்டேன், இங்கே அனுப்புங்கள்" என்று புது எண்ணிலிருந்து கேட்டால், பழைய வழியில் ஒரு தடவை கேட்டு உறுதிசெய்யுங்கள். கூகுள் ஃபார்ம் என்றால் முன்நிரப்பிய லிங்க் வசதியைப் பயன்படுத்தி, ஒவ்வொருவரின் லிங்க்கிலும் அவர் குறியீட்டை முன்னதாகவே ஏற்றிவிடலாம். வயதானவர்களும் அவசரக்காரர்களும் எட்டு எழுத்தைத் தப்பில்லாமல் அடிக்கத் தடுமாறுவது குறையும்.

இதையெல்லாம் கையால் செய்ய நேரமில்லாதவர்களுக்குத் தயாரான கருவிகள் உள்ளன. கார்னெல் பல்கலைக்கழகத்தில் உருவான சிவிஸ் என்ற வாக்கெடுப்புச் சேவை, பட்டியலிலுள்ள ஒவ்வொரு மின்னஞ்சலுக்கும் தனி லிங்க் அனுப்பிவிடும். பெலெனியோஸ், ஹீலியோஸ் போன்றவை ஓட்டைச் சங்கேதமாக்கி, தன் ஓட்டு பெட்டியில் விழுந்ததா என்று வாக்காளரே சோதிக்கவும் வழி தருகின்றன. எதைப் பயன்படுத்தினாலும் பட்டியலை நீங்கள்தான் கொடுக்க வேண்டும். பட்டியலில் இரண்டு பெயரில் ஒரே ஆள் இருந்தால் உலகின் மிகச்சிறந்த சங்கேதமும் அவருக்கு இரண்டு ஓட்டு கொடுக்கும்.

ஓட்டு நடக்கும் நாட்களில்

நடப்பு எண்ணிக்கையைக் காட்டாதீர்கள். ஏமாற்றுகிறவருக்கு மிகவும் தேவையான தகவல் அதுதான்: இன்னும் எத்தனை போட்டால் முந்தலாம்? 14 பின்தங்கியிருப்பது தெரிந்தால் 15 போலி ஓட்டு போதும் என்று கணக்குப் போடலாம். தெரியாவிட்டால் ஐம்பதா நூறா என்று குத்துமதிப்பாகப் போட வேண்டும். அளவு கூடக் கூடத் தடயமும் கூடும். கூகுள் ஃபார்மில் பதில்களின் சுருக்கத்தைப் பார்க்க அனுமதிக்கும் அமைப்பு அணைந்திருக்கிறதா என்று தொடங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

தப்பான குறியீட்டோடு ஓட்டு வந்தால் அதற்கும் "பதிவாயிற்று" என்றே காட்டிவிட்டு, எண்ணும்போது ஒதுக்கலாமா? பலிக்கும் குறியீட்டைத் தேடுகிறவருக்கு விடை கொடுக்காமலிருக்க இது நல்ல உத்தி. ஆனால் எழுத்துப்பிழையோடு போட்ட உண்மையான உறுப்பினருக்குத் தன் ஓட்டு விழவில்லை என்பதே தெரியாமல் போகும். சிறிய குழுவில் இந்த உத்தி வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. அப்படியே செய்தாலும், ஓட்டு முடிய ஒரு நாள் இருக்கும்போது பட்டியலில் ஓட்டு ஏறாதவர்களுக்கு ஒரு நினைவூட்டல் போக வேண்டும்.

ஒருவர் இரண்டு தடவை போட்டால் எது செல்லும்? "கடைசியாகப் போட்டதே செல்லும்" என்பது நல்ல விதி. மனம் மாறியவருக்கும் உதவும், பக்கத்தில் நின்று யாரோ வற்புறுத்தியதால் போட்டவருக்கும் உதவும். பிறகு தனியாக வந்து மாற்றிவிடலாம். 2005 முதல் இணையத்தில் வாக்களிக்க அனுமதிக்கும் எஸ்தோனியாவில் இப்படித்தான். எத்தனை தடவை போட்டாலும் இணைய ஓட்டுகளில் கடைசியானதே கணக்கு. ஓட்டை விலைக்கு வாங்குவதன் மதிப்பும் இதனால் குறைகிறது. காசு கொடுத்தவர் கண்முன்னே போட்ட ஓட்டு நாளைக்கும் அப்படியே நிற்கும் என்று அவரால் நம்ப முடியாது.

வெளிப்படையா, ரகசியமா

வெளிப்படையான ஓட்டில் மோசடியைக் கண்டுபிடிப்பது மிகச் சுலபம், ஏனென்றால் எல்லோரும் சரிபார்க்கலாம். வாட்ஸ்அப் குழுவில் போடும் வாக்கெடுப்பு அப்படிப்பட்டது: எந்த விடைக்கு யார் போட்டார் என்பது உறுப்பினர்களுக்குத் தெரியும். நிர்வாகியே நினைத்தாலும் எண்ணிக்கையைத் திரிக்க முடியாது. அதில் ஓட்டை மாற்றிக்கொள்ளவும் முடியும் என்பதால், முடிவு நேரம் வந்ததும் இரண்டு பேர் தனித்தனியாக ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குழுவிலேயே போட்டுவிட வேண்டும். நாள் குறிப்பது, சின்னம் தேர்ந்தெடுப்பது போன்றவற்றுக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

ஆளைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டு, ஆளை நீக்கும் ஓட்டு இரண்டும் ரகசியமாகத்தான் நடக்க வேண்டும். இல்லையென்றால் பாதிப் பேர் பயத்திலோ தாட்சண்யத்திலோ போடுவார்கள். ரகசியம் வந்ததும் ஒரு சிக்கல் வருகிறது: யார் எதற்குப் போட்டார் என்பது யாருக்கும் தெரியக் கூடாது, எண்ணிக்கை சரிதானா என்பது எல்லோருக்கும் தெரிய வேண்டும். டெபியன் என்ற கட்டற்ற மென்பொருள் திட்டம் இதற்கு வைத்திருக்கும் வழி எளிமையானது. டிஜிட்டல் கையெழுத்திட்ட மின்னஞ்சலில் உறுப்பினர்கள் ஓட்டுப் போடுகிறார்கள். முடிந்ததும் எல்லா ஓட்டுகளும் பெயரில்லாமல், ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு சங்கேதக் குறியோடு வெளியாகின்றன. தன் குறி எது என்பது அவரவருக்கு மட்டும் தெரியும். தேடிப்பார்த்துத் தன் ஓட்டு மாறாமல் இருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளலாம்.

நீங்களும் இதைக் குறியீட்டைக்கொண்டே செய்யலாம். பெயர்–குறியீடு பட்டியல் ஒருவரிடம், குறியீடு–ஓட்டு பட்டியல் வேறொருவரிடம். இருவரும் சேர்ந்தால்தான் ரகசியம் உடையும். முடிவு வந்ததும் இரண்டாவது பட்டியலை வெளியிட்டால் ஒவ்வொருவரும் தன் வரியைச் சோதிக்கலாம், யாரும் கூட்டிப்பார்க்கலாம். இதில் ஒரு குறை உண்டு. தன் குறியீட்டைக் காட்டி "பாருங்கள், உங்களுக்குத்தான் போட்டேன்" என்று நிரூபிக்க முடியும் என்பதால், ஓட்டு விற்பனைக்கு இது ரசீதாகிவிடும். பணம் புரளும் இடமாக இருந்தால் பட்டியலை வெளியிடாமல், வேட்பாளர் தரப்புக்கு ஒருவராக உட்காரவைத்து அவர்கள் முன் எண்ணுவது மேல்.

எண்ணுகிறவர்மேல் சந்தேகம் வராமலிருக்க

நிர்வாகி நேர்மையானவராக இருப்பது போதாது. அவர் நேர்மையாக எண்ணினார் என்று மற்றவர்களால் சொல்ல முடிய வேண்டும். வேட்பாளரும் வேட்பாளரின் நெருங்கியவரும் எண்ணும் இடத்தில் இருக்கக் கூடாது. ஃபார்மைத் திருத்தும் உரிமை இரண்டு பேருக்கு, அந்த இருவருக்கு மட்டும். பதில்களை இணைத்த கூகுள் ஷீட்டில் வரலாற்றுப் பதிவு இருக்கும், யார் எந்தக் கட்டத்தை எப்போது மாற்றினார் என்று பார்க்கலாம். அதைவிட எளிய சோதனை ஒன்று உண்டு. ஷீட்டில் ஒரு வரியை மாற்றினாலோ நீக்கினாலோ ஃபார்முக்குள் சேமித்திருக்கும் பதில் மாறாது. ஃபார்மில் ஒரு பதிலை நீக்கினால் ஷீட்டில் அந்த வரி அப்படியே நிற்கும். முடிவு நேரத்தில் இரண்டு இடத்து எண்ணிக்கையும் ஒன்றா என்று பாருங்கள். ஒன்றாக இல்லையென்றால் யாரோ கைவைத்திருக்கிறார்.

ஓட்டு மூடியதும் முதல் வேலை, மூலத் தரவின் பிரதி ஒன்றை எடுத்து இருவரிடமும் வைப்பது. எண்ணுவது, நீக்குவது, வடிகட்டுவது எல்லாம் வேறு பிரதியில்.

சந்தேகம் வந்தால்

நேர்மையான ஓட்டுகளுக்கும் ஓர் ஏற்ற இறக்கம் உண்டு. அறிவித்த சில மணி நேரத்தில் நிறைய விழும், நடுவில் மந்தமாகும், நினைவூட்டலுக்குப் பிறகும் கடைசி நேரத்திலும் மறுபடி ஏறும். எனவே கொத்தாக விழுந்தது என்பது மட்டும் சந்தேகத்துக்குக் காரணமாகாது. அதிகாலை மூன்று மணிக்கு, இருபது இருபத்தைந்து விநாடி இடைவெளியில், அத்தனையும் ஒரே வேட்பாளருக்கு என்றால் கவனிக்க வேண்டும். ஒரே பாணியில் பெயர்கள், ஒரே நாளில் தொடங்கிய கணக்குகள், பல கேள்விகள் உள்ள வாக்குச்சீட்டில் ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் விடை ஆகியவையும் அப்படித்தான். தனித்தனியாக இவை எதுவும் ஆதாரமில்லை. மூன்று சேர்ந்து வந்தால் கேள்வி கேட்கலாம்.

எல்லா ஓட்டையும் சரிபார்க்க நேரமில்லையென்றால் குலுக்கல் முறையில் சிலரைத் தேர்ந்தெடுங்கள். ஓட்டுகளில் பத்துக்கு ஒன்று போலி என்றால், 30 ஓட்டுகளைச் சோதித்தாலே குறைந்தது ஒன்றாவது சிக்க 96 சதவீத வாய்ப்பு உண்டு. இருபதுக்கு ஒன்றுதான் போலி என்றால் அதே 30-க்கு வாய்ப்பு 79 சதவீதமாகக் குறையும். 60 பேரைச் சோதித்தால் 95. குழு அறிந்த வழியில் அவர்களைத் தொடர்புகொண்டு "நீங்கள் ஓட்டுப் போட்டீர்களா?" என்று மட்டும் கேளுங்கள். யாருக்கு என்று கேட்கவே கூடாது. சந்தேகத்துக்குரியவர்களை மட்டும் தேர்ந்தெடுத்து அழைத்தால் அது விசாரணையாகத் தெரியும். குலுக்கலில் வந்தவர்களை அழைத்தால் யாரும் வருத்தப்பட மாட்டார்கள்.

ஓட்டுகளை நீக்கத்தான் வேண்டும் என்று ஆனால், நீக்கும் விதியை முதலில் எழுதி, அதை எல்லா வேட்பாளர்களின் ஓட்டுகளுக்கும் ஒரேமாதிரி பொருத்துங்கள். அறிவியல் புனைகதைக்கான ஹ்யூகோ விருதுகளை 2024-இல் கிளாஸ்கோவில் நடத்திய அமைப்பாளர்கள் செய்தது நல்ல முன்மாதிரி. பதிவான 3,813 ஓட்டுகளில் 377-ஐச் செல்லாதவை என்று அறிவித்தார்கள். காரணத்தையும் சொன்னார்கள்: முதலெழுத்து மட்டும் அகரவரிசையில் மாறி, மீதி அப்படியே இருந்த குடும்பப்பெயர்கள் ஒரு வரிசை, அடுத்தடுத்த எண்களின் மொழிபெயர்ப்பையே பெயராகக்கொண்ட வாக்காளர்கள் இன்னொரு வரிசை. சொன்னபடி ஓட்டுப் போட்டவர்களுக்கு உறுப்பினர் கட்டணத்தை ஒருவர் திருப்பிக் கொடுத்ததாகத் தங்களுக்கு வந்த தகவலையும் வெளியிட்டார்கள். அந்த ஓட்டுகள் எல்லாம் ஒரே போட்டியாளருக்குச் சாதகமானவை. ஆனால் அவருக்கு இது தெரியும் என்பதற்கு ஆதாரம் இல்லாததால், அவர் பெயரை வெளியிடவும் இல்லை, அவரைப் போட்டியிலிருந்து நீக்கவும் இல்லை.

இந்தக் கடைசி விஷயத்தைச் சிறிய குழுக்கள் அடிக்கடி தவறவிடுகின்றன. போலி ஓட்டு யாருக்கு விழுந்ததோ அவரே போட்டார் என்று ஆகிவிடாது. ஆர்வக்கோளாறில் ஒரு நண்பர் செய்திருக்கலாம். அவரைக் கெடுக்கவேண்டும் என்று எதிர்த்தரப்பே செய்திருக்கவும் கூடும். "போலி ஓட்டு கிடைத்தால் வேட்பாளர் நீக்கப்படுவார்" என்று விதி வைத்திருக்கும் குழுவில் அது மிகவும் மலிவான ஆயுதம்.

பிறகு இடைவெளியைப் பாருங்கள். முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் 35 ஓட்டு வித்தியாசம், சந்தேகத்தில் இருப்பவை 12 என்றால், அந்த 12-ஐயும் எப்படி எண்ணினாலும் முடிவு மாறாது. இரண்டு எண்களையும் சொல்லி முடிவை அறிவித்துவிடலாம். வித்தியாசம் 8, சந்தேகம் 12 என்றால் எந்த விளக்கமும் தோற்றவரைத் திருப்திப்படுத்தாது. மூடிய பட்டியலோடு மறுபடி ஓட்டெடுங்கள், அதே வேட்பாளர்கள், அதே தகுதி நாள். தேதியைப் புதிதாக வைத்தால் முதல் சுற்றில் சேர்ந்த போலிக் கணக்குகளெல்லாம் இரண்டாம் சுற்றில் சட்டபூர்வமாகிவிடும்.

முடிவை அறிவிக்கும்போது ஐந்து எண்களைச் சேர்த்துப் போடுங்கள்: பட்டியலில் இருந்தவர்கள், ஓட்டுப் போட்டவர்கள், ஒவ்வொருவருக்கும் விழுந்தவை, ஒதுக்கப்பட்டவை, ஒதுக்கியதற்கான காரணம் வாரியாக அவற்றின் எண்ணிக்கை. ஆட்சேபத்துக்கு ஏழு நாள் போதும். அது முடிந்ததும் தொலைபேசி எண், மின்னஞ்சல், ஐபி விவரம், பெயர்–குறியீடு பட்டியல் எல்லாவற்றையும் இரு பிரதிகளிலிருந்தும் அழித்துவிட்டு, அழித்ததையும் குழுவில் ஒரு வரி போட்டுவிடுங்கள்.